மினமாட்டா - பூனைகள் ஆடிய கடலோரம்

பூனைகள் ஆடிப் பார்த்திருக்கிறீர்களா?

ஜப்பானின் தெற்கே க்யூஷு தீவில், ஷிரானுய் கடலை ஒட்டி மினமாட்டா என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் அங்கிருந்த மீனவக் குப்பங்களில் பூனைகள் திடீரென்று சுழன்று சுழன்று ஆடின. வாயில் நுரை தள்ள, சுவரில் மோதி, தட்டுத்தடுமாறி ஓடிச் செத்தன. சில கடலில் விழுந்து செத்தன. ஊர் மக்கள் இதற்குப் 'பூனையாட்ட நோய்' என்று பெயர் வைத்தார்கள். காக்கைகள் பறந்துகொண்டிருக்கும்போதே கீழே விழுந்தன. விரிகுடாவில் மீன்கள் செத்து மிதந்தன.

பூனைக்கு வந்தது கொஞ்ச நாளில் மனிதனுக்கும் வந்தது. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. நேராக நடக்க முடியவில்லை. பேச்சு குழறியது. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் பார்வை சுருங்கியது. பிறகு வலிப்பு, மயக்கம், பலருக்கு மரணம்.

கன உலோகங்கள் நம் உடலின் செல்களுக்குள் புகுந்தால் என்ன செய்யும் என்று பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியில் படித்துவிட்டுப் போய்விடுகிறோம். அந்த ஒரு பத்தி எழுதப்படுவதற்குப் பின்னால் ஒரு ஊரே இருக்கிறது. அந்த ஊரின் கதைதான் இது. கூடவே, அந்த ஊரில் நடந்ததை விளக்கும் வார்த்தைகளை விஞ்ஞானம் எப்போது கண்டுபிடித்தது என்ற கதையும்.

தொழிற்சாலையும் ஊரும்

1908ல் மினமாட்டாவில் ஒரு உரத் தொழிற்சாலை வந்தது. பின்னாளில் அதன் பெயர் 'சிஸ்ஸோ'. ஜப்பானிய மொழியில் சிஸ்ஸோ என்றால் நைட்ரஜன் என்று பொருள். ஊருக்கே சோறு போட்ட கம்பெனி அது. வேலை, வரி, கடை, ஆஸ்பத்திரி எல்லாம் அதைச் சுற்றித்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நடந்த பல விஷயங்களுக்கு இதுதான் காரணம்.

1932ல் சிஸ்ஸோ அசெட்டால்டிஹைடு தயாரிக்கத் தொடங்கியது. அசெட்டிலீன் வாயுவைத் தண்ணீரோடு சேர்த்து அசெட்டால்டிஹைடு ஆக்க ஒரு வினையூக்கி வேண்டும். அந்த வினையூக்கி பாதரச சல்பேட். வினையூக்கி என்றால் செலவாகாது என்று படித்திருப்போம். ஆனால் தொட்டியில் ஒரு பக்க வினையும் நடந்தது. பாதரசத்தில் ஒரு சிறு பகுதி மெதில் பாதரசமாக மாறிக் கழிவுநீரோடு வெளியேறியது. 1951ல் கூட்டு வினையூக்கியாக இருந்த மாங்கனீசு டை ஆக்சைடை நிறுத்திவிட்டு வேறொன்றைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். அதன்பின் மெதில் பாதரசம் இன்னும் அதிகமாக உருவானது.

போருக்குப் பிறகு பிளாஸ்டிக்குக்கு மவுசு ஏறியது. பிளாஸ்டிக்கை வளையச் செய்யும் ரசாயனங்களுக்கு அசெட்டால்டிஹைடு தேவை. உற்பத்தி ஏற ஏற, கழிவும் ஏறியது. எல்லாம் ஹ்யக்கென் துறைமுகம் வழியாக மினமாட்டா விரிகுடாவுக்குள். பின்னாளில் கழிவுநீர் வாய்க்காலின் வாயில் சேற்றை அள்ளிப் பார்த்தபோது, ஒரு டன் சேற்றில் 2 கிலோ பாதரசம் இருந்தது. சுரங்கம் வைத்து எடுக்கலாம் என்கிற அளவு!

1956 மே 1

1956 ஏப்ரலில் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்றை சிஸ்ஸோவின் சொந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். நடக்க முடியவில்லை, பேச முடியவில்லை, வலிப்பு. அடுத்த சில நாளில் அதன் தங்கைக்கும் அதே. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் அதே. ஆஸ்பத்திரியின் இயக்குநர் டாக்டர் ஹஜிமே ஹோசோகாவா. அவர் மே 1ஆம் தேதி சுகாதாரத் துறைக்குத் தகவல் அனுப்பினார்: மத்திய நரம்பு மண்டலத்தைத் தாக்கும், காரணம் தெரியாத நோய் ஒன்று பரவுகிறது என்று. மினமாட்டா நோய் 'கண்டுபிடிக்கப்பட்ட' நாள் என்று இன்றும் இதைத்தான் சொல்கிறார்கள்.

முதலில் தொற்றுநோய் என்று நினைத்தார்கள். நோயாளிகளைத் தனியே வைத்தார்கள், வீடுகளுக்கு மருந்து தெளித்தார்கள். அக்கம்பக்கத்தார் அந்த வீடுகளை ஒதுக்கினார்கள். நோயோடு தீண்டாமையும் சேர்ந்துகொண்டது.

குமாமோட்டோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வந்து பார்த்தார்கள். நோய் வந்தவர்கள் எல்லாரும் விரிகுடாவின் மீனும் சிப்பியும் தின்றவர்கள். 1956 நவம்பரிலேயே 'இது ஏதோ கன உலோக நஞ்சு, மீன் வழியாக உடலுக்குள் போகிறது' என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் எந்த உலோகம்? கழிவுநீரில் மாங்கனீசு, தாலியம், செலினியம், செம்பு, ஈயம் என்று ஒரு பட்டியலே இருந்தது. ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டார்கள். விலை உயர்ந்த பாதரசத்தை எந்தக் கம்பெனியாவது கடலில் கொட்டுமா என்ற எண்ணத்தில் அதை முதலில் யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

1958ல் பிரிட்டனைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் டக்ளஸ் மெக்கால்பைன் மினமாட்டாவுக்கு வந்து நோயாளிகளைப் பார்த்தார். அவருக்கு ஒரு பழைய கட்டுரை நினைவுக்கு வந்தது. விதைகளுக்குப் பூசும் கரிமப் பாதரச மருந்து தயாரித்த இங்கிலாந்து ஆலை ஒன்றில் நான்கு தொழிலாளர்களுக்கு இதே அறிகுறிகள் வந்திருந்தன. ஹன்டர், பாம்ஃபோர்ட், ரஸ்ஸல் என்ற மூவர் 1940ல் அதை எழுதியிருந்தார்கள். அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு போன குமாமோட்டோ குழு 1959 ஜூலையில் அறிவித்தது: காரணம் கரிமப் பாதரசம்.

400ஆம் எண் பூனை

இங்கேதான் கதை இருட்டாகிறது.

டாக்டர் ஹோசோகாவாவும் சும்மா இருக்கவில்லை. பூனைகளை வளர்த்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். அதில் 400ஆம் எண் பூனைக்கு அசெட்டால்டிஹைடு பிரிவின் கழிவுநீரைச் சோற்றில் கலந்து கொடுத்தார். 1959 அக்டோபரில் அந்தப் பூனை ஆடத் தொடங்கியது. கழிவுநீர்தான் காரணம் என்பதற்குக் கையில் நேரடி ஆதாரம்!

கம்பெனி அந்த முடிவை வெளியே விடவில்லை. மேற்கொண்டு சோதனை செய்வதையும் நிறுத்தச் சொன்னது. வெளியே வேறு வேறு கதைகள் வந்தன. போர் முடிந்தபோது கடலில் கொட்டிய வெடிமருந்து காரணம் என்றார் ஒருவர், அழுகிய மீனில் உண்டாகும் அமீன் காரணம் என்றார் இன்னொருவர். சுகாதார அமைச்சகத்தின் குழு 1959 நவம்பர் 12ல் கரிமப் பாதரசம்தான் காரணம் என்று சொன்னது. மறுநாளே அந்தக் குழு கலைக்கப்பட்டது.

டிசம்பரில் சிஸ்ஸோ ஒரு சுத்திகரிப்பு இயந்திரம் வைத்தது. திறப்பு விழாவில் கம்பெனித் தலைவர், சுத்தம் செய்த தண்ணீர் என்று சொல்லி ஒரு குவளை நீரைக் குடித்துக் காட்டினார். அந்த இயந்திரம் கரைந்திருக்கும் பாதரசத்தை நீக்குவதற்காகச் செய்யப்பட்டதே அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. அதே மாதக் கடைசியில் நோயாளிகளுடன் ஓர் ஒப்பந்தம். 'அனுதாபப் பணம்' என்று பெயர். பெரியவருக்கு ஆண்டுக்கு 1,00,000 யென், குழந்தைக்கு 30,000 யென். பின்னால் ஆலைதான் காரணம் என்று நிரூபணம் ஆனாலும் புதிதாக நஷ்டஈடு கேட்கக் கூடாது என்று அதில் ஒரு நிபந்தனையும் இருந்தது. பசியில் இருந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

கழிவு மட்டும் நிற்கவில்லை. 1965ல் நீகாட்டாவில், அகானோ ஆற்றங்கரையில், வேறொரு கம்பெனியின் கழிவால் இதே நோய் வந்தது. சிஸ்ஸோ அசெட்டால்டிஹைடு தயாரிப்பை நிறுத்தியது 1968 மே மாதத்தில்தான். அந்த முறையே பழசாகிவிட்டது என்பது அதற்கு முக்கியக் காரணம். நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 26ல், அரசு 'ஆமாம், மெதில் பாதரசம்தான்' என்று அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டது. பூனை ஆடி ஒன்பது வருடங்கள் ஆகியிருந்தன.

சரி, செல்லுக்குள் என்னதான் நடந்தது?

பாதரசத்துக்குக் கந்தகம் என்றால் உயிர். சித்த மருத்துவத்தில் சாதிலிங்கம் என்று சொல்லும் சிவப்புக் கல் பாதரசமும் கந்தகமும் சேர்ந்ததுதான். 1830களில் டென்மார்க்கைச் சேர்ந்த வேதியியலாளர் ட்சைஸ, கந்தகமும் ஹைட்ரஜனும் கொண்ட ஒரு வகைச் சேர்மங்களுக்கு 'மெர்கேப்டன்' என்று பெயர் வைத்தார். பாதரசத்தைப் பிடித்துக்கொள்வது என்று அதற்கு அர்த்தம். இன்று அவற்றைத் தயால் என்கிறோம்.

இந்தத் தயால் நம் உடம்பில் எங்கே இருக்கிறது? எங்கும்தான்! சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் இருக்கிறது. அதனால் ஏறக்குறைய எல்லாப் புரதங்களிலும் இருக்கிறது. முக்கியமாக குளுடாதயோன் என்ற சின்ன மூலக்கூறில் இருக்கிறது. 1888ல் ஈஸ்டிலிருந்து ஒரு பிரெஞ்சுக்காரர் இதை முதலில் கண்டார். 1921ல் கேம்பிரிட்ஜின் ஹாப்கின்ஸ் இதற்குக் குளுடாதயோன் என்று பெயர் வைத்தார்.

குளுடாதயோனின் வேலை என்ன? நாம் மூச்சு விடும் ஆக்சிஜனின் பெரும்பகுதி மைட்டோகாண்ட்ரியாவில் ஒழுங்காகத் தண்ணீராகிவிடும். கொஞ்சம் மட்டும் வழியில் சிந்தும். அப்படிச் சிந்தியதுதான் சூப்பராக்சைடு. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு வரும். பெராக்சைடோடு இரும்பு சேர்ந்தால் இன்னும் பயங்கரமான ஹைட்ராக்சில் ராடிக்கல் பிறக்கும். இரும்பும் பெராக்சைடும் சேர்ந்தால் வீரியம் கூடும் என்பதை 1894லேயே ஃபென்டன் என்ற ஆங்கிலேயர் எழுதியிருக்கிறார். இந்த ராடிக்கல் கொழுப்பு, புரதம், மரபணு என்று கிட்டே இருப்பது எதுவானாலும் தாக்கும். குறிப்பாகச் செல் சவ்வின் கொழுப்பைத் தொட்டால், பட்டாசுச் சரம்போல ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வினை பரவிக்கொண்டே போகும்.

செல்லிடம் இதற்கு எதிராக ஒரு காவல் இருக்கிறது. குளுடாதயோன் தன் எலக்ட்ரானைக் கொடுத்துப் பெராக்சைடைத் தண்ணீராக்கிவிடும். அதைச் செய்து முடிக்கும் நொதி குளுடாதயோன் பெராக்சிடேஸ். உற்பத்தியாகும் ராடிக்கல்களும் அவற்றை அணைக்கும் காவலும் சமநிலையில் இருக்கும் வரை பிரச்சினை இல்லை. தராசு ராடிக்கல் பக்கம் சாய்ந்துவிட்டால் அதற்குப் பெயர்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம்.

இப்போது பாதரசத்தை உள்ளே விடுங்கள்.

முதலில், மெதில் பாதரசம் சிஸ்டீனோடு ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டியபின் பார்ப்பதற்கு மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம்போலவே இருக்கும். மூளையின் வாசலில் அமினோ அமிலங்களை உள்ளே விடும் கடத்திகள் உண்டு. அவை ஏமாந்து இதையும் உள்ளே விட்டுவிடுகின்றன. திருடன் விருந்தாளி வேஷத்தில் வருகிறான்!

இரண்டாவது, உள்ளே போனதும் அது குளுடாதயோனைப் பிடித்துக்கொள்கிறது. செல் அந்தக் கூட்டை வெளியே தள்ளிவிடப் பார்க்கும். பாதரசம் வெளியே போகிறது, ஆனால் கூடவே குளுடாதயோனும் போகிறது. கையிருப்பு கரைகிறது.

மூன்றாவதுதான் கொடுமை. கந்தகத்தைவிடப் பாதரசத்துக்குச் செலினியத்தின் மேல் இன்னும் ஆசை. குளுடாதயோன் பெராக்சிடேஸின் இதயமே செலினியம்தான். தயோரெடாக்சின் ரிடக்டேஸ் என்ற இன்னொரு காவல் நொதியும் அப்படித்தான். பாதரசம் போய் அந்தச் செலினியத்தின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. பெராக்சைடைத் தண்ணீராக்க ஆள் இல்லை.

நான்காவது, மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களையும் அது கெடுக்கிறது. சிந்தும் ஆக்சிஜன் அதிகமாகிறது. அதாவது நெருப்பும் கூடுகிறது, தண்ணீர் வாளியும் பறிபோகிறது.

மூளை ஏன் முதலில் அடிபட்டது என்பதும் இதிலிருந்தே விளங்கும். உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கு. எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பும் அங்கே நிறைய. செத்த நரம்பு செல் பெரும்பாலும் திரும்ப முளைக்காது. சிறுமூளையில் செல்கள் அழிந்ததால் நடை தள்ளாடியது. மூளையின் பின்பக்கத்தில் இருக்கும் பார்வைப் பகுதி அழிந்ததால் பார்வை குழாயாகச் சுருங்கியது. குப்பத்தில் கண்ட ஒவ்வொரு அறிகுறிக்கும் மூளையில் ஒரு முகவரி இருந்தது.

விடை தாமதமாக வந்தது

இத்தனையும் 1959ல் யாருக்காவது தெரியுமா என்றால், தெரியாது. வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

1940களில், போர்க் காலத்தில், ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர்ஸ் குழுவினர் லூயிசைட் என்ற ஆர்செனிக் விஷவாயுவுக்கு மாற்று மருந்து தேடினார்கள். ஆர்செனிக் புரதங்களின் தயால்களைப் பிடிக்கிறது என்று கண்டார்கள். அப்படியானால் இரண்டு தயால் உள்ள ஒரு மருந்தைக் கொடுத்தால் விஷம் புரதத்தை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொள்ளும் அல்லவா? அதுதான் 'பால்' என்ற மருந்து. பல உலோக நஞ்சுகளுக்கு உதவியது. மெதில் பாதரசத்துக்கு மட்டும் உதவவில்லை, மூளைக்குள் பாதரசத்தை இன்னும் தள்ளிவிடும் ஆபத்து அதில் இருந்தது.

1954ல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரெபேக்கா கெர்ஷ்மன், ஆக்சிஜன் மிகுந்தால் வரும் நஞ்சும் எக்ஸ் கதிரின் பாதிப்பும் ஒரே வழியில், ராடிக்கல்கள் மூலம் நடக்கின்றன என்று சொன்னார். 1957ல் குளுடாதயோன் பெராக்சிடேஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அதே 1957ல்தான், விஷம் என்று மட்டுமே பேர் வாங்கியிருந்த செலினியம் உயிருக்கு மிகச் சிறிய அளவில் தேவை என்று ஷ்வார்ஸும் ஃபோல்ட்ஸும் காட்டினார்கள். அந்தச் சமயத்தில் மினமாட்டாவில் செலினியம் குற்றவாளிப் பட்டியலில் இருந்தது! 1967ல் செக்கோஸ்லோவாகியாவில் பர்ஷீஸெக்கும் அவருடன் வேலை செய்தவரும், செலினியம் கொடுத்தால் எலிகள் பாதரச உப்பிலிருந்து தப்புகின்றன என்று கண்டார்கள். 1969ல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் சூப்பராக்சைடை அணைக்கும் நொதியைக் கண்டுபிடித்தார்கள். 1973ல் குளுடாதயோன் பெராக்சிடேஸில் செலினியம் இருப்பது தெரிந்தது. 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்ற சொல்லையே 1985ல்தான் ஹெல்முட் சீஸ் ஒரு நூலின் மூலம் நிலைநிறுத்தினார்.

அப்படியென்றால் 1959ல் எதுவும் செய்திருக்க முடியாதா? முடியும். நொதியின் பெயர் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. மீன் தின்றவருக்கு நோய் வருகிறது, கழிவைத் தின்ற பூனை ஆடுகிறது. குழாயை மூட இது போதும். 'முழு வழிமுறையையும் நிரூபி, பிறகு பார்க்கலாம்' என்று சொன்ன ஒவ்வொரு வருடமும் புதிய நோயாளிகளை உண்டாக்கியது.

மற்ற உலோகங்கள்

பாதரசம் தனி ஆள் இல்லை. கன உலோகங்கள் பொதுவாக இரண்டு வழியில் இதே வேலையைச் செய்கின்றன. குரோமியம் போன்றவை தாமே எலக்ட்ரானை வாங்கிக் கொடுத்து நேரடியாக ராடிக்கல்களை உண்டாக்கும். பாதரசம், காட்மியம், ஈயம் போன்றவை அப்படிச் செய்யாது, தயால்களைப் பிடித்துக் காவலைக் கலைக்கும். ஜப்பானிலேயே ஜின்சூ ஆற்றங்கரையில் காட்மியம் கலந்த நீரில் விளைந்த அரிசியைத் தின்றவர்களுக்குச் சிறுநீரகமும் எலும்பும் கெட்டன. வலியில் 'இத்தாய் இத்தாய்' என்று கத்தியதால் நோய்க்கு அதுவே பெயராயிற்று. ஈயம் இரத்தச் சிவப்பணுவில் ஹீம் தயாரிக்கும் ஒரு நொதியை நிறுத்தும். அதனால் தேங்கும் மூலப்பொருளே ராடிக்கல்களைக் கிளப்பும்.

குரோமியம் மரபணுவை எப்படிக் கெடுக்கிறது என்று ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான். 1996 ஆகஸ்டில் ஆய்வகத்தில் டைமெதில் பாதரசத்தின் சில துளிகள் அவருடைய கையுறை மேல் சிந்தின. லேடக்ஸ் கையுறையை அது நொடியில் ஊடுருவிவிடும் என்று அன்று யாருக்கும் தெரியாது. ஐந்து மாதம் பெரிதாக ஒன்றும் இல்லை. பிறகு தள்ளாட்டம், பேச்சுக் குழறல், பார்வைச் சுருக்கம். 1997 ஜூனில் இறந்துபோனார். கடலோர மீனவருக்கு வந்த அதே அறிகுறிகள், அதே வரிசை.

தொப்புள்கொடி சொன்ன சாட்சி

தாயின் நஞ்சுக்கொடி குழந்தையைக் காப்பாற்றும், விஷம் அதைத் தாண்டாது என்றுதான் அந்தக் கால மருத்துவம் நம்பியது. மினமாட்டாவில் அது பொய்யானது. மீனே தின்னாத, பிறந்ததிலிருந்தே கைகால் வளைந்த, பேச முடியாத குழந்தைகள் இருந்தார்கள். பெருமூளை வாதம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மருத்துவர் மசாஸுமி ஹராதா ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒரே மாதிரி நோயோடு இருப்பதைப் பார்த்தார். தாய்க்குச் சந்தேகமே இல்லை, மீனைத் தின்றது தான், பாதிப்பு வயிற்றில் இருந்த பிள்ளைக்கு என்றாள். அவள் சொன்னதே சரி. 1962 நவம்பரில் 16 குழந்தைகளுக்குப் பிறவி மினமாட்டா நோய் என்று ஒப்புக்கொண்டார்கள்.

வாசலில் அமினோ அமில வேஷத்தில் நுழையும் அதே தந்திரம்தான் நஞ்சுக்கொடியிலும். வளரும் குழந்தைக்கு அமினோ அமிலம் அதிகம் தேவை, அதனால் கடத்திகள் மும்முரமாக வேலை செய்யும். குழந்தையின் இரத்தத்தில் தாயைவிட அதிகமாகப் பாதரசம் சேரும். தாய் ஓரளவு நலமாக இருக்க, அவள் வாங்கிய விஷத்தில் ஒரு பங்கைக் குழந்தை எடுத்துக்கொண்டது.

ஜப்பானியர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குழந்தையின் காய்ந்த தொப்புள்கொடியைச் சின்ன மரப்பெட்டியில் போட்டுப் பத்திரமாக வைப்பார்கள். ஹராதா வீடு வீடாகப் போய் அந்தக் கொடிகளைக் கேட்டு வாங்கினார். அவற்றில் இருந்த மெதில் பாதரசத்தை அளந்து 1975ல் வெளியிட்டார்கள். பிறந்த ஆண்டு வாரியாக அடுக்கினால், ஆலையின் உற்பத்தி ஏறிய காலத்தில் கொடியிலும் பாதரசம் ஏறியிருந்தது. கம்பெனியின் கணக்குப் புத்தகம் பூட்டிக் கிடந்தாலும், தாய்மார்கள் வைத்திருந்த பெட்டிகள் திறந்தே இருந்தன.

இருப்பு தீரும் வரை தெரியாது

1970ல் புற்றுநோயால் படுத்திருந்த டாக்டர் ஹோசோகாவா, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே 400ஆம் எண் பூனையைப் பற்றி நீதிமன்றத்துக்குச் சாட்சி சொன்னார். சில மாதங்களில் இறந்தார். 1973 மார்ச் 20ல் குமாமோட்டோ நீதிமன்றம் சிஸ்ஸோதான் பொறுப்பு என்றது. அனுதாபப் பண ஒப்பந்தம் செல்லாது என்றும் சொன்னது.

கதை முடிந்துவிட்டதா? இல்லை. யார் நோயாளி என்ற கேள்வி மிச்சம் இருந்தது. 1977ல் அரசு ஒரு விதி போட்டது. பல அறிகுறிகள் ஒன்றாக இருந்தால்தான் மினமாட்டா நோயாளி என்று பொதுவாக ஏற்பார்கள். கைகால் மரத்துப்போனது மட்டும் இருந்தால் போதாது.

செல்லின் கணக்கைத் தெரிந்தவர்களுக்கு இந்த விதியின் ஓட்டை புரியும். குளுடாதயோன் சேமிப்புக் கணக்கு மாதிரி. பணம் கரைந்துகொண்டே இருக்கும்போது வீட்டில் அடுப்பு எரியும், வெளியே பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கணக்கு காலியான அன்றுதான் வீடு ஆடும். அதிலும் ஒருவருக்கு எல்லாமே போகும், இன்னொருவருக்கு விரல் நுனியின் உணர்ச்சி மட்டும் போகும். உடலில் இருக்கும் மெதில் பாதரசம் பாதியாகக் குறைய 50 முதல் 70 நாள்தான் ஆகும். எனவே பல வருடம் கழித்துத் தலைமுடியைச் சோதித்தால் ஒன்றும் இருக்காது. விஷம் போய்விடும், செத்த செல் திரும்பாது. விஷத்தையும் காட்ட முடியாமல், எல்லா அறிகுறியும் இல்லாமல் இருப்பவர் எதைக் காட்டி நிரூபிப்பார்?

சான்றிதழ் பெற்ற நோயாளிகள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். விண்ணப்பித்துத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பல மடங்கு. 2004ல் ஜப்பானின் உச்ச நீதிமன்றம், தடுக்கத் தவறிய அரசும் பொறுப்பு என்றது. 2013ல், உணர்ச்சியிழப்பு மட்டும் இருந்தாலும் நோயாளியாக ஏற்கலாம் என்றது. 2023 செப்டம்பரில் ஒசாகா மாவட்ட நீதிமன்றம் வழக்குத் தொடுத்த 128 பேரும் மினமாட்டா நோயாளிகளே என்று தீர்ப்பு சொன்னது. 1956க்கும் 2023க்கும் இடையே எத்தனை வருடம் என்று நீங்களே கழித்துப் பாருங்கள்.

கொடைக்கானல் வரை

பாதரசம் நமக்குத் தூரத்துச் சொந்தம் இல்லை. 1980களில் கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் ஆலை தொடங்கியது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடை ஒன்றில் கிடந்தது வெளியே தெரிந்து, மக்கள் போராட்டத்துக்குப் பின் 2001ல் ஆலை மூடப்பட்டது. 2016ல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிர்வாகம் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. தொழிலாளர் உடல்நலம் ஆலையால் கெட்டது என்பதை மட்டும் நிர்வாகம் ஏற்கவில்லை.

அங்கே இருந்தது மெதில் பாதரசம் அல்ல, பாதரச ஆவி. ஆவி மூச்சு வழியாக இரத்தத்துக்குப் போகும், எளிதில் செல் சவ்வைத் தாண்டும். உள்ளே போனபின் செல்லின் கேட்டலேஸ் நொதியே அதை ஆக்சிஜனேற்றம் செய்து பாதரச அயனியாக்கிவிடும். அந்த அயனி பிடிப்பது அதே தயால், அதே செலினியம்தான். வாசல் வேறு, திருட்டு ஒன்றே.

மினமாட்டா விரிகுடாவில் 1977 முதல் 1990 வரை சேற்றை அள்ளி, 58 ஹெக்டேர் பரப்பை மண் போட்டு மூடினார்கள். விஷ மீன் வெளியே போகாமல் கட்டியிருந்த வலையை 1997ல் எடுத்தார்கள். 2013ல் பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கை கையெழுத்தானபோது அதற்கு மினமாட்டா உடன்படிக்கை என்றே பெயர் வைத்தார்கள். 2017 ஆகஸ்ட் 16ல் அது நடைமுறைக்கு வந்தது.

ஒரு செல்லுக்குள் இருக்கும் குளுடாதயோனைக் கண்ணால் பார்க்க முடியாது. அது தீர்ந்துபோவதையும் பார்க்க முடியாது. ஆனால் பூனை ஆடுவதைப் பார்க்கலாம். காக்கை விழுவதைப் பார்க்கலாம். மினமாட்டாவில் எல்லாரும் பார்த்தார்கள். பார்த்ததை நம்பிக் குழாயை மூட யாருக்கு அதிகாரம் இருந்ததோ, அவர்கள்தான் இன்னொரு ஆதாரம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.